மின் பில் ஆய்வுக்குப் பொறியியல் பின்னணி போதுமா?

வணக்கம். வீடுகளில் மின்சேமிப்புத் தணிக்கை செய்யும் பொறியாளரான நீங்கள், பில்லில் தரும் தகவல் மின்பயன்பாட்டைக் குறைக்குமா என்று முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறீர்கள். உங்கள் பின்னணி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது பாதிதான், ஆனால் நல்ல பாதி.

மறுபாதி மனித நடத்தை. கலிபோர்னியாவின் சான் மார்கோஸில் நடந்து 2007இல் வெளிவந்த ஆய்வை முதலில் படியுங்கள். ஒரு சீட்டில் அக்கம்பக்கத்து வீடுகளின் சராசரி மின்பயன்பாட்டைச் சொன்னதும் அதிகம் செலவழித்த வீடுகள் குறைத்தன. குறைவாகச் செலவழித்தவையோ கூட்டிவிட்டன! அந்தச் சீட்டில் ஒரு சிரித்த முகத்தைச் சேர்த்ததும் அந்த ஏற்றம் நின்றது. பின்னர் ஓபவர் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் வீடுகளை வைத்து நடத்திய சோதனைகளில், அண்டை வீடுகளோடு ஒப்பிடும் அறிக்கை மின்பயன்பாட்டைச் சராசரியாக 2% குறைத்தது. வெறும் காகிதம் செய்த வேலை என்பதால் எனக்கு அது பெரிதாகவே படுகிறது.

தமிழ்நாட்டில் களம் தேடுகிறீர்கள் என்றால், 500 யூனிட் எல்லையை எடுங்கள். இரண்டு மாதப் பயன்பாடு அதைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் சலுகை விலையும் போய்விடுகிறது. தாண்டப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் குடும்பங்கள் என்ன செய்யும்? அருமையான கேள்வி இது. ஆனால் கலிபோர்னியாவின் மின்பயன்பாட்டை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் கொய்ச்சிரோ இட்டோ, மக்கள் கடைசி யூனிட்டின் விலையை அல்ல, சராசரி விலையைப் பார்த்தே நடக்கிறார்கள் என்று 2014இல் காட்டியிருக்கிறார். அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

புள்ளியியலையும், யாருக்குத் தகவல் தருவது என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானிக்கும் சமவாய்ப்புச் சோதனை முறையையும் ஊன்றிப் படியுங்கள். தணிக்கை வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். எந்த வீட்டில் எது மின்சாரத்தைத் தின்கிறது என்பதைப் பொருளாதாரம் மட்டும் படித்தவர் அறியமாட்டார்.