‘ரத்த ஓட்டம் தென்படவில்லை’ என்றால் புற்றுநோய் இல்லை என்று பொருளா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. ஹெபடைட்டிஸ் பி தொற்றினால் கல்லீரல் சுருக்க நோய் உள்ளது. வயிற்று ஸ்கேனில் கல்லீரலின் வலது மடலில் 2.8 செ.மீ. கட்டி தெரிந்தது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தபோது, ‘கட்டிக்குள் ரத்த ஓட்டம் தென்படவில்லை’ என்று அறிக்கை வந்தது. புற்றுக்கட்டியில் ரத்த ஓட்டம் மிகுதியாக இருக்கும் என்கிறார்கள். அப்படியானால் அச்சமில்லை என்று கொள்ளலாமா? தெரிந்தவர் ஒருவர் வேறொரு மையத்தைச் சொல்லி, அங்கே மறுபடியும் டாப்ளர் எடுக்கச் சொல்கிறார்.

பதில்: அப்படிக் கொள்ளக் கூடாது, மறுபடியும் டாப்ளர் எடுக்கவும் தேவையில்லை. அறிக்கையில் உள்ள சொல் ‘தென்படவில்லை’ என்பது. வீட்டுக்கு வந்து சேருவதற்குள் அது ‘இல்லை’ என்று மாறிவிடுகிறது. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை நோயாளியின் குடும்பத்துக்கு யாரும் எடுத்துச் சொல்லாததால் சிகிச்சைக்குரிய மாதங்கள் வீணாகப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டாப்ளர் கருவி அனுப்பும் ஒலி, ஓடிக்கொண்டிருக்கும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் சற்று மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் திரையில் சிவப்பும் நீலமுமாகக் காண்கிறோம். ஓட்டம் மிக மெதுவாக இருந்தாலோ, குழாய் ஒலிக்குக் குறுக்காகச் சென்றாலோ, கட்டி ஆழத்தில் இருந்தாலோ, நோயாளியால் மூச்சை அடக்க முடியாவிட்டாலோ, கருவியில் வேக அளவு சரியாக வைக்கப்படாவிட்டாலோ, ஓடுகிற ரத்தமும் நிறமாகத் தெரியாது. ரத்தநாளக் கட்டி என்று ஒன்று உண்டு. புற்றல்லாத அந்தக் கட்டி முழுக்க ரத்தத்தால் நிறைந்தது. ஆனாலும் அதற்குள் ரத்தம் ஊர்ந்து செல்வதால் டாப்ளரில் பெரும்பாலும் எதுவுமே தெரிவதில்லை. அதையே காட்டாத கருவி, சுருங்கி இறுகிய கல்லீரலின் ஆழத்தில் உள்ள 2.8 செ.மீ. கட்டிக்கு எப்படி நற்சான்று தர முடியும்?

டாப்ளரை நான் உறுதியாகக் கேட்கும் இடம் ஒன்று உண்டு. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை திறந்திருக்கிறதா, அதற்குள் உறைகட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். உறைகட்டி இருந்து, அதற்குள்ளேயே தமனிக்குரிய துடிப்பும் தெரிந்தால், அது வெறும் ரத்த உறைவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. புற்றே சிரைக்குள் வளர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அறுவை சிகிச்சை செய்யலாமா, மாற்றுக் கல்லீரல் பற்றி யோசிக்கலாமா என்ற முடிவே அதனால் மாறிப்போகும். துடிப்பு தெரியாவிட்டால் வெறும் உறைவுதான் என்று இங்கேயும் முடிவு கட்டிவிட முடியாது. தங்கள் கையிலுள்ள அறிக்கையில் போர்ட்டல் சிரையைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே அந்தப் பரிசோதனை முடிந்திருக்கிறது என்று பொருள்.

தங்கள் தந்தைக்கு இப்போது தேவைப்படுவது மூன்று கட்ட சி.டி. ஸ்கேன், அதாவது ரத்தத்தில் மருந்து செலுத்திய பின் அடுத்தடுத்து மூன்று நேரங்களில் படமெடுப்பது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ 75 சதவீதம் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. கல்லீரல் புற்றோ தன் ரத்தத்தைப் பெரும்பாலும் தமனியிலிருந்து இழுத்துக்கொள்கிறது. அதனால், படத்தில் ஒளிர்ந்து தெரிவதற்கான மருந்தைக் கையில் செலுத்தியவுடன், சுற்றியுள்ள கல்லீரலுக்கு முன்பாகவே புற்று பளிச்சென்று ஒளிரும். அடுத்த கட்டங்களில் கல்லீரல் ஒளிர, புற்று மங்கிப்போகும். கல்லீரல் சுருக்கம் உள்ளவரிடம் இந்த அளவுள்ள கட்டி இவ்வாறு தெளிவாக நடந்துகொண்டால், ஊசி குத்திச் சதை எடுக்காமலே நோயை உறுதி செய்யலாம். தெளிவில்லாவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். கல்லீரல் புற்றில் பலருக்கு உயரும் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவு ரத்தத்தில் இயல்பாக இருப்பதையும் ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். ‘மருந்து செலுத்திய சி.டி.’ என்று மட்டும் சீட்டில் எழுதியிருந்தால், சில மையங்களில் ஒரே கட்டம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். புற்று ஒளிரும் அந்தச் சில நொடிகள் அதில் பதிவாகாது; பணமும் போய், கதிர்வீச்சும் ஏறி, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ‘மூன்று கட்டம்’ என்ற சொல் சீட்டில் இருக்கிறதா என்று தாங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். படங்கள் அடங்கிய குறுந்தகட்டைப் பெறாமல் மையத்தை விட்டு வராதீர்கள்.

குறிப்பிட்ட மையத்துக்கே போகச் சொல்லும் அந்தத் தெரிந்தவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நோயாளியை அனுப்புவதற்கு மருத்துவர் தரகு பெறுவதை 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் தெளிவாகத் தடை செய்கின்றன. மருத்துவரே அல்லாத இடைத்தரகர் வாங்கும் தொகையைக் கேட்பார் இல்லை. எந்த ஸ்கேன் வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் கல்லீரல் நோய் மருத்துவர் மட்டுமே. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இயங்குகிறது. வரிசை நீளமாக இருக்கலாம்; அங்கே தங்களை மையம் மையமாக அலைக்கழிக்கத் தரகர் தேவையில்லை.

சி.டி.க்குச் செலுத்தும் மருந்தைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டியிருப்பதால், முன்னதாக ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்ப்பது வழக்கம். இன்னொரு டாப்ளருக்கு நாள் குறிப்பதற்குப் பதிலாக, அந்த ரத்தப் பரிசோதனையை நாளைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.