காற்றாடி சுற்றுகிறது, பற்றரி ஏறவில்லை

மின் எடுக்க வைத்த சிறு காற்றாடி (காற்றாலை) சுற்றியும் பற்றரி ஏன் ஏறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றுவது மட்டும் போதாது. காற்றாடி தரும் மின்னழுத்தம் உங்கள் 12 வோல்ற் பற்றரியின் மின்னழுத்தத்தைத் தாண்டினால்தான் மின் உள்ளே போகும்.

கொக்குவிலில் மொட்டை மாடியில், பக்கத்திலேயே பனையும் தென்னையும் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். சோளகம் (தென்மேற்குக் காற்று) நன்றாக வீசினாலும் மரத்துக்குப் பின்னால் குழம்பிய காற்றுத்தான் வரும். மரத்தைவிட உயரமான கம்பம் வேண்டும்.

அதற்கு முன் ஒன்று பாருங்கள். மெல்லிய காற்றில், காற்றாடியிலிருந்து வரும் மூன்று வயரையும் ஒன்றாகத் தொடுத்துக் காற்றாடியை நிறுத்தி, பற்றரியைக் கழற்றுங்கள். பிறகு வயர்களைப் பிரித்து, ரெக்டிஃபயரின் (ஏசி மின்னை டிசியாக மாற்றும் கருவி) டிசி பக்கம் மல்டிமீற்றர் வையுங்கள். 16, 17 வோல்ற் வந்தும் பற்றரி துளியும் ஏறாவிட்டால் இணைப்பையோ, பற்றரி ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலரையோ சந்தேகியுங்கள்.

பலத்த காற்றில் இதைச் செய்யவே வேண்டாம். சுமை இல்லாத காற்றாடி கட்டுமீறிச் சுற்றி இதழ் உடைந்து பறக்கும்.