87 ரூபா மண்ணெண்ணெய்

கடிதம்:

வணக்கம் ஐயா,

2022ஆம் ஆண்டைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை ஏறியதற்கு இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த ஜூலை 9க்கு நான்கே வரி. நான் கொழும்பு காலிமுகத்திடல் போராட்டத்தில் நின்றவள். ஒரு ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடிய வருடத்தை மண்ணெண்ணெயை வைத்தா அளப்பது? இல்லாவிட்டால், ‘அது சிங்கள ஆக்களின் போராட்டம்’ என்று திருகோணமலையில் தள்ளி நின்றீர்களா?

வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான்கு வரி குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் போராட்டம் இங்கே சின்னதாகத் தெரியவில்லை. அது இரண்டு தடவை எங்கள் ஊரைத் தேடியே வந்தது. மே 9இல் பிரதமர் மகிந்த ராஜபக்ஷவின் ஆட்கள் உங்கள் கூடாரங்களை அடித்து நொறுக்கினார்கள், அன்றைக்கே அவர் பதவி விலகினார். அடுத்த நாள் குடும்பத்தோடு அவர் வந்து இறங்கியது எங்கள் கடற்படைத் தளத்தில். வாசலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஜூலை 9இல் மாளிகையை விட்டு வெளியேறிய தம்பி, ஜனாதிபதி கோட்டாபயவையும் கடற்படைக் கப்பல் திருகோணமலைப் பக்கமாகத்தான் கொண்டுவந்தது. கட்டுநாயக்க, மாலைதீவு, சிங்கப்பூர் எல்லாம் அதற்கு அப்புறம். 2019 ஜனாதிபதித் தேர்தலில் இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட வாக்கு, தம்பியை எதிர்த்து நின்ற சஜித்துக்கு விழுந்தது. வாக்குப் போடாத ஊரிடம்தான் அண்ணனும் தம்பியும் அடைக்கலம் வந்தார்கள் என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. அந்தத் தளம் எங்களுக்கு வேறு விதமாகவும் பழக்கம். 2008, 2009இல் கொழும்பிலும் அயலிலும் கடத்தப்பட்ட 11 பேரை அதற்குள் அடைத்து வைத்திருந்ததாக இரகசியப் பொலிசாரின் விசாரணையில் வந்தது. அவர்களின் தாய்மார் பிள்ளைகளைக் கேட்டு நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள். அதே மதிலுக்குள் ஒரு முன்னாள் பிரதமர் பத்திரமாக இருந்தார். நாங்கள் தள்ளி நின்றோமா என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் நின்றோம், பயத்தில். கொஞ்சம் கோபமும் இருந்தது, ‘கரண்ட் போன பிறகுதானே இவர்களுக்கு விளங்கியது’ என்று. மே 18இல் காலிமுகத்திடலிலேயே முள்ளிவாய்க்காலை நினைத்துக் கஞ்சி வார்த்ததைக் கட்டுரையில் விட்டுவிட்டேன். அது பிழை. நான்கு வரிக்கு வருந்துவதைவிட இதற்குத்தான் கூட வருந்துகிறேன்.

சரி, மண்ணெண்ணெய்க்கு வருவோம்.

அந்த வருடம் ஜனவரி 6இல் எங்கள் ஊர்ச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கு இந்தியாவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. வெள்ளைக்காரன் கட்டிய தாங்கிகள், மொத்தம் 99. இந்தியன் ஒயில் கம்பனிக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61. 1987 இலங்கை இந்திய ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தி எழுதிய கடிதத்திலேயே இருந்த விஷயம் இது. கையெழுத்துக்கு 34 வருடம் எடுத்தது. ஆறு மாதம் கழித்து, ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். நான் பெற்றோல் செட் வாசலில் மோட்டார் சைக்கிளோடு இரண்டு இரவு கிடந்தேன். ஒரு தேசத்துக்கே எண்ணெய் சேர்த்து வைக்கலாம் என்று சொல்லப்படும் ஊர் இது. அங்கே ஒரு போத்தல் பெற்றோலுக்கு ஆள் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

கடல் ஆக்களின் பாடு இதைவிட மோசம். திருக்கடலூரிலும் சல்லியிலும் சின்னப் போட்டுகளின் எஞ்சின் ஓடுவது மண்ணெண்ணெயில். முதலில் அது கிடைக்கவே இல்லை. பிறகு ஓகஸ்ட் 21 இரவு, 87 ரூபாவாக இருந்த லீற்றர் 340 ரூபா ஆனது. ஒரு தடவை கடலுக்குப் போய்வர 30 லீற்றர் என்று வையுங்கள். முதல் நாள் கணக்கில் 2,610 ரூபா, விடிந்தால் 10,200. மீனின் விலை மட்டும் அப்படி நாலு மடங்கு ஆகவில்லை. அரசாங்கம் சொன்ன காரணமும் முழுப் பொய்யில்லை. டீசல் 400ஐத் தாண்டி நின்றபோது மண்ணெண்ணெய் 87க்கு இருந்தால் பஸ்ஸுக்கும் லொறிக்கும் அதைக் கலக்கத்தான் செய்வார்கள். ஆனால் கலந்தவன் ஒருவன், அதற்குக் காசு கட்டியவன் இன்னொருவன்.

அப்போது கோட்டாபய போய் ஒரு மாதத்துக்கு மேல். பாராளுமன்றத்தில் 134 வாக்கோடு ரணில் ஜனாதிபதி. கொழும்பில் அந்த வருடம் ஏறக்குறைய முடிந்திருந்தது, பத்திரிகைகளின் ஆண்டுப் பட்டியல்களும் அந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக் கோடிக்குள் வைத்துவிட்டு மேசன் வேலைக்குக் கையாளாகப் போனார். அவரிடம் 2022இல் என்ன நடந்தது என்று கேட்டால் ஜூலை 9 மூன்றாவதாகத்தான் வரும். இரண்டு பக்கமும் அவருக்காக எழுதியதுதான்.

அந்தக் கஞ்சி வார்த்த நாளில் நீங்கள் அங்கே நின்றிருந்தால், கண்டதை எழுதி அனுப்புங்கள். இங்கேயே போடுகிறேன்.