பின்னங்காலை ஊன்றாத பசு: இழுத்துவிடலாமா?

கேள்வி: பருவத்துக்கு வந்த என் ஜெர்சி கலப்புப் பசு மேல் இன்னொரு மாடு ஏறியதில், நேற்று சாயங்காலம் சிமெண்ட் தரையில் வழுக்கி விழுந்துவிட்டது. வலது பின்னங்காலை ஊன்றவே இல்லை. சப்பை விலகியிருக்கு, எண்ணெய் போட்டு இழுத்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா சார்?

பதில்: தயவுசெய்து யாரையும் இழுக்க விடாதீர்கள். சப்பை விலகல்தானா என்பதே இன்னும் தெரியவில்லை, எலும்பு முறிந்திருந்தால் இழுப்பது மாட்டையே முடித்துவிடும்.

மாடு நிற்கிறது என்றால் பின்னால் போய்ப் பாருங்கள். இடுப்பின் முன்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு ஒன்று, வாலடியில் பக்கவாட்டில் இருப்பது ஒன்று, இவை இரண்டுக்கும் இடையே கொஞ்சம் கீழே தொடையின் வெளிப்பக்கம் கையில் தட்டுப்படும் முண்டு ஒன்று. இந்த முண்டு தொடை எலும்பின் மேல்முனை, டாக்டர்கள் ட்ரோகேன்டர் என்பார்கள், புட்டத்துத் தசைகள் இதில்தான் வந்து பிடிக்கின்றன. இடது பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வலது முண்டு மேலேயும் முன்னாலேயும் ஏறி, கால் குட்டையாகத் தெரிந்து, முழங்கால் சில்லும் குளம்பும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் தொடை எலும்பின் பந்து போன்ற தலை இடுப்பெலும்பின் கிண்ணத்தை விட்டு நழுவியிருக்க, அதாவது சப்பை விலகியிருக்க, வாய்ப்பு அதிகம். மாடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் நழுவும். முண்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்து, கால் மட்டும் பின்னால் விறைத்து மடங்காமல் இழுபட்டால் அது சில்லு மாட்டிக்கொள்வது, அதற்கு வைத்தியமே வேறு. அசைக்கும்போது நறநறவென்று கேட்டால் முறிவு என்று சந்தேகப்படுங்கள்.

நழுவல்தான் என்றால் நேரம்தான் முக்கியம், ஏனென்றால் அந்த முண்டைப் பிடித்த தசைகள் சுருங்கிக்கொண்டே போகும், ஒரு நாள் தாண்டினால் திரும்ப உட்கார வைப்பது மிகவும் கஷ்டம். மருத்துவர் மயக்க ஊசி போட்டு, படுக்க வைத்து, தொடையிடுக்கில் கயிறு கொடுத்து உடம்பைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்தபடியே முண்டை அழுத்தித்தான் உட்கார வைப்பார். ஆகவே இப்பவே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குக் கூப்பிடுங்கள். அதுவரை மணல் அல்லது வைக்கோல் மெத்தையாகப் போட்டு, நடக்கவிடாமல் வையுங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக் மட்டும் வேண்டாம், அது போட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் செத்ததால் கால்நடைகளுக்கு 2006-லேயே தடை செய்துவிட்டார்கள், மெலாக்சிகாம் கேளுங்கள்.

மூட்டு உட்கார்ந்த பிறகு, மறுபடி கால் அகன்று வழுக்காமல் இருக்க, பின்னங்கால் இரண்டையும் தளர்வாகச் சேர்த்துக் கட்டி வைக்கச் சொல்வார்கள், அதை அவிழ்த்துவிடாதீர்கள். அப்புறம் அந்தத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு வெட்டிவிடுங்கள், பருவத்து மாட்டைத் தனியாகக் கட்டுங்கள்.