கடையின் இணைய முகவரி யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: பத்தமடையில் நானும் என் கணவரும் கோரைப்பாய் நெய்து விற்கிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் எங்கள் கடைப் பெயரில் இணையதளம் செய்து தந்தார். முகவரி ‘டாட் இன்’ என்று முடியும். வேலையை வேறொருவரிடம் கொடுக்கப் போகிறோம் என்றதும், “முகவரி என் பெயரில் இருக்கிறது, முப்பதாயிரம் ரூபாய் கொடுங்கள்” என்கிறார். பைகளில் எல்லாம் அதைத்தான் அச்சிட்டிருக்கிறோம். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்து, நார் நாராகக் கிழித்து நெய்து நீங்கள் சம்பாதித்த பெயர் அது. அதைப் பிடித்துவைத்துக்கொண்டு பேரம் பேசுவதைப் பார்த்தால் கோபம் வருகிறது.

தபால் பிரிப்பவர் முகவரியைக் கீழிருந்து பார்ப்பார்: மாநிலம், மாவட்டம், ஊர், கடைசியாகத் தெரு. இணைய முகவரியையும் வலக்கோடியிலிருந்து படிக்க வேண்டும். உச்சியில், ‘காம்’, ‘இன்’ போன்ற முடிவுகளை எல்லாம் வைத்திருக்கும் வேர்ப் பட்டியல் ஐகான் என்ற சர்வதேச அமைப்பின் பொறுப்பு. அதன் கீழே ‘காம்’ கிளையை வெரிசைன் நிறுவனமும், நம் நாட்டுக்குரிய ‘இன்’ கிளையை நிக்சி என்ற இந்திய அமைப்பும் நடத்துகின்றன. நிக்சியிடம் அங்கீகாரம் பெற்ற பதிவாளர் நிறுவனங்களே பெயர்களை நமக்கு விற்கின்றன. இந்தப் படிகள் எதிலும் உங்கள் இளைஞர் இல்லை. உங்களுக்காகப் படிவம் நிரப்பியவர், அவ்வளவுதான். ஆனால் படிவத்தில் ‘பதிவுதாரர்’, அதாவது பெயருக்கு உரியவர், என்ற இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தால் சிக்கல் அங்கேதான்.

‘விற்கின்றன’ என்றேன், உண்மையில் அது குத்தகை. ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து ஆண்டுகள். புதுப்பிக்காவிட்டால் பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே முதல் வேலையாக, ‘ஹூஇஸ்’ என்ற பொதுத் தேடலில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். பதிவுதாரர் பெயர் மறைக்கப்பட்டிருந்தாலும் பதிவாளர் நிறுவனமும் காலாவதித் தேதியும் தெரியும். அந்த நிறுவனத்துக்கு ரசீது, பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றை இணைத்து எழுதுங்கள். இளைஞரிடமும் பதிவுதாரர் பெயரை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

மசியவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்தது திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் அங்கே கட்டணம் இல்லை. “இது வணிகம், இவர்கள் நுகர்வோரே அல்ல” என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். பிழைப்புக்காகச் சொந்தமாகச் செய்யும் தொழிலை 2019ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை; மனுவிலேயே இதை எழுதிவிடுங்கள். தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

நிக்சியின் நடுவர் தீர்வுமுறையும் இருக்கிறது. பெயர் உங்களுடையதோடு ஒத்திருக்கிறது, அவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, தீய எண்ணத்துடன் பதிந்தார் அல்லது பயன்படுத்துகிறார் என்று காட்ட வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு; கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் கைக்கு வந்தபின் அதன் இடப்பக்கம் ‘பாய்’, ‘பில்’ என்று எத்தனை கிளைமுகவரி வேண்டுமானாலும் நீங்களே சேர்க்கலாம். அதற்குத் தனிப் பதிவுக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் தராதீர்கள். புதிய பைகள் அச்சிடுவதை மட்டும் அதுவரை தள்ளிவையுங்கள்.