லூக் கீக்லி 28 வயதில் ஆட்டத்தை விட்டது சரிதானா?

கேள்வி: அமெரிக்கன் ஃபுட்பாலில் உச்சத்தில் இருந்த தடுப்பாட்டக்காரர் லூக் கீக்லி, 28 வயதிலேயே ஓய்வு பெற்றது ஏன்? அது சரியான முடிவுதானா?

சரியான முடிவுதான். ஆனால் இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. 2020 ஜனவரி 14 அன்று மாலை அவர் விடைபெறும் காணொளியை கரோலினா பேந்தர்ஸ் அணி வெளியிட்டது. அடுப்பில் குழம்பு கொதிக்க, சமையலறையில் நின்றபடியே இரண்டு முறை பார்த்தேன். மனசு ஆறவில்லை. 2013-இல் அந்த அணியின் ஊரான சார்லட்டுக்குக் குடிவந்தவன் நான். இது நம்ம ஊர் என்று முதன்முதலாக எனக்குத் தோன்றியதே இவர் ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். எதிரணியின் 11 பேர் மறிப்பார்கள். மறிப்பவர்களில் முன்வரிசையில் நிற்கும் மலை போன்ற ஆட்களுக்குப் பின்னால் நட்டநடுவில் நிற்பவர் மிடில் லைன்பேக்கர். கீக்லியின் இடம் அது. (பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து 'குயிச்லி' என்று படித்துவிடாதீர்கள். கீக்லிதான்.)

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர். மதியச் சாப்பாட்டு மேசையில் கெட்சப் பாக்கெட்டுகளை ஒரு அணியாகவும் உப்புப் பொட்டலங்களை இன்னொரு அணியாகவும் பரப்பினார். நடுவில் இருந்த ஒரு கெட்சப் பாக்கெட்டை விரலால் தட்டி, "பந்தைப் பார்க்காதே, இவனைப் பார். இவன் எந்தப் பக்கம் நகர்கிறானோ, பந்து அங்கேதான் வரும்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே பார்த்தேன். சொன்னது போலவேதான் நடந்தது.

கீக்லியின் ஹெல்மெட்டில் பின்புறம் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். உள்ளே ஸ்பீக்கர் இருப்பதற்கான அடையாளம். தடுக்கும் அணியில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அது உண்டு. பயிற்சியாளர் எந்த வியூகம் என்று அதன் வழியே சொல்வார். எதிரணி பந்தை நகர்த்தத் தொடங்குவதற்கான நேரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். அதற்கப்புறம் அவர்பாடு. எதிரணி ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், யார் இடம் மாறுகிறார், யாருடைய கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, கையை நீட்டிக் கத்திக் கத்தித் தன் ஆட்களை நகர்த்துவார். எதிரணி செய்யப்போவதை அது நடப்பதற்கு முன்பே அவர் சொல்லிவிடும் ஒலிப்பதிவுகள் நிறையக் கிடைக்கின்றன, தேடிக் கேளுங்கள். இதெல்லாம் மந்திரமில்லை. எதிரணியின் பழைய ஆட்டங்களை வாரம் முழுக்க ஓட்டி ஓட்டிப் பார்ப்பார். பரீட்சைக்கு மூன்று முறை ரிவிஷன் முடித்துவிட்டு வந்த மாணவன் மாதிரி களத்தில் நிற்பார்.

எனக்குப் பிடித்த உதாரணம் 2015 நவம்பர் 26, நன்றி நவிலல் நாள், டல்லஸ் அணிக்கு எதிரான ஆட்டம். டல்லஸின் பந்தெறிபவர் டோனி ரோமோ அடுத்தடுத்து எறிந்த இரண்டு பந்துகளையும் கீக்லி பறித்தார். முதலாவதை அப்படியே எடுத்துக்கொண்டு எல்லைக்கோடு வரை ஓடி டச்டவுனும் அடித்தார். பெறவேண்டியவர் வந்து சேருமுன்பே இவர் அங்கே நிற்கிறார்! 

மற்ற விவரங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஓஹையோ மாநிலம் சின்சினாட்டிக்காரர். பாஸ்டன் கல்லூரிக்காக மூன்றே பருவங்களில் 532 டாக்கிள் (பந்துடன் ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது). கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 2012 டிராஃப்டில் ஒன்பதாவது ஆளாக பேந்தர்ஸ் எடுத்தது. முதல் ஆண்டே என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் அதிக டாக்கிள் செய்தவர், சிறந்த தடுப்பாட்டப் புதுமுகம். 2013-இல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர். மொத்தம் எட்டுப் பருவங்கள், 118 ஆட்டங்கள், சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பவுலுக்கு ஏழு முறை தேர்வு. 15 வெற்றி, ஒரே தோல்வி என்று போன 2015 பருவத்தின் முடிவில் சூப்பர் பவுல் 50 என்ற இறுதி ஆட்டத்தில் டென்வரிடம் 24-10 என்று தோற்றதுதான் குறை. சாம்பியன் மோதிரம் அவர் கைக்கு வரவே இல்லை.

இனி கேள்விக்கு வருகிறேன். 2015 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவருக்கு மூளையதிர்ச்சி ஏற்பட்டது. மூன்று ஆட்டங்கள் ஆடாமல் உட்கார்ந்தார். 2017 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவுடன் ஆடும்போது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் வந்ததுதான் எங்கள் ஊரில் யாரும் மறக்காதது.

2016 நவம்பர் 17, வியாழன் இரவு, எதிரணி நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ். நான்காவது கால் பகுதியில் ஓட்டக்காரர் ஒருவரை மறிக்கப் போய் விழுந்தார். எழுப்பி வண்டியில் உட்கார வைத்தபோது அழுதார். வெறுமனே கண் கலங்கியது அல்ல. மூச்சு திணறத் திணற, தோள் குலுங்க, குழந்தை அழுவது போன்ற அழுகை. ஆறடி மூன்றங்குல மனிதர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஃபுட்பாலே பார்க்காத என் மனைவி கையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்று, "ஏங்க, அந்தப் பையன் ஏன் இப்படி அழறான்? கால் உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். கால் கை எதுவும் உடையவில்லை. மூளை அதிர்ந்தால் உணர்ச்சிகளைப் பிடித்து வைக்கும் கட்டுப்பாடு சற்று நேரம் தளர்ந்துபோவது உண்டு என்பதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பருவத்தில் அவர் மறுபடி ஆடவில்லை.

கால் முட்டி போனால் வலி தெரியும், ஸ்கேனில் தெரியும், அறுவை சிகிச்சை உண்டு. மண்டைக்குள் நடப்பது அப்படியில்லை. திரும்பத் திரும்ப அடி வாங்கிய வீரர்களின் மூளையைச் சிதைக்கும் சி.டி.இ. என்ற நோயை இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்துத்தான் இன்றுவரை உறுதிசெய்ய முடிகிறது. 2017-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், தானமாக வந்த 111 என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளைச் சோதித்ததில் 110-இல் அது இருந்தது. ஏற்கெனவே சந்தேகம் இருந்த குடும்பங்களே பெரும்பாலும் தானம் கொடுத்திருக்கும், ஆகவே எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படியிருந்தும் 110 என்ற எண்ணைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றும் என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். பேந்தர்ஸ் கீக்லியைத் தேர்ந்தெடுத்தது 2012 ஏப்ரல் 26. ஆறே நாளில், மே 2 அன்று, அதே லைன்பேக்கர் இடத்தில் இருபது பருவங்கள் ஆடிய ஜூனியர் சியாவ் 43 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மூளையில் சி.டி.இ. இருந்தது பின்னர் உறுதியானது. கீக்லி காலத்து லைன்பேக்கர்கள் எல்லாரும் அந்த நிழலில் ஆடியவர்கள்தான். சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் கிறிஸ் போர்லண்ட் ஒரே பருவம் நன்றாக ஆடிவிட்டு, மூளைக்கு என்ன ஆகுமோ என்று 2015-இல் 24 வயதிலேயே விலகினார்.

கீக்லி காரணத்தை விரித்துச் சொன்னவரில்லை. சிறு வயதிலிருந்து தனக்குத் தெரிந்தது வேகமாகவும் முரட்டுத்தனமாகவும் பலமாகவும் ஆடுவது ஒன்றுதான், இனி அப்படி ஆட முடியுமா என்று தெரியவில்லை என்ற பொருளில்தான் காணொளியில் பேசினார். குரல் உடைந்தது. ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் மீதமிருந்தன. கடைசிப் பருவத்திலும் ப்ரோ பவுலுக்குத் தேர்வானவர். ஆட்டம் குறைந்து வெளியேறவில்லை.

என்னை மாற்றியது இந்த எண்ணம்தான்: அவரைவிட வேகமானவர்கள், பலசாலிகள் லீகில் இருந்தார்கள். அவரை அவராக்கியது படித்து, நினைவில் வைத்து, கணநேரத்தில் கணக்குப் போடும் அந்தத் தலை. ஆட்டம் திரும்பத் திரும்ப அடித்ததும் அதே தலையில். அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோக ஒருவர் நினைத்தால், இன்னும் ரெண்டு வருஷம் ஆடியிருக்கலாமே என்று சோஃபாவில் உட்கார்ந்து சொல்ல நான் யார்?

எங்கள் வீட்டிலும் இது வந்தது. எட்டு வயதில் மகன் ஃபுட்பாலில் சேரப் படிவம் கொண்டுவந்தான். என் மனைவி படிவத்தைப் பார்த்ததும், "அன்னைக்கு அழுதானே அந்தப் பையன், அந்த விளையாட்டா?" என்றாள். ஒருவரையொருவர் மோதாமல் இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையைப் பிடுங்கி ஆடும் ஃப்ளாக் ஃபுட்பாலில் சேர்த்தோம். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், பிறகு சரியாகிவிட்டான்.

ஓய்வுக்குப் பிறகு கீக்லி கொஞ்ச நாள் பேந்தர்ஸுக்காக வீரர்களின் திறமையை எடைபோடும் வேலை பார்த்தார். 2022-இல் அணியின் வானொலி வர்ணனைக் குழுவில் சேர்ந்தார். அந்தப் பருவத்தில் ஒரு ஞாயிறு மதியம் காரில் மளிகைக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம். பந்து இன்னும் நகரவில்லை. எதிரணி எப்படி நிற்கிறது என்று அவர் விவரித்துக்கொண்டிருந்தார். பின்சீட்டிலிருந்து என் மகன், "அப்பா, ரைட்ல ஓடப் போறாங்க" என்றான்.