தோட்டக் கைகளும் தேயிலைத் துவர்ப்பும்

கேள்வி: எனக்கு 58 வயது. முப்பது வருடம் பால்மரம் சீவினேன், பிறகு செம்பனைத் தோட்டத்தில் இருந்தேன். இப்போது தாமான் வீட்டின் பின்புறம் மல்லிகை, கறிவேப்பிலை, மஞ்சள், வாழை, செராய் (எலுமிச்சைப்புல்) என்று வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு உள்ளங்கையும் விரல் நுனியும் வெடித்து, வெடிப்புக்குள் கறுப்புக் கோடாக அழுக்கு ஏறிவிட்டது. எலுமிச்சம்பழம் தேய்த்தேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டேன். மிஞ்சிய தேநீரில் கையை ஊற வைத்தேன். எரிச்சல்தான் கூடியது. எந்த மூலிகை நல்லது? இன்னொன்று, மகள் கேமரன் மலையில் இருந்து உயர்ந்த இலைத் தேயிலை வாங்கி வந்தாள். வழக்கம்போல் பால் ஊற்றிக் கொதிக்க வைத்தால் கசக்கிறது. என்ன தவறு செய்கிறேன்?
- ஒரு வாசகி, தாப்பா

பதில்: அம்மா, உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் ஒரே பொருள் நிற்கிறது: துவர்ப்பு. பாக்கு, கடுக்காய், மாதுளைத் தோல், வாழைப்பூ, தேயிலை எல்லாவற்றிலும் துவர்ப்பைத் தருவது டானின் என்ற பொருள். அது புரதத்தைக் கண்டால் பற்றிக்கொண்டு இறுக்கும். நாக்கில் பட்டால் எச்சிலை வறட்டும். தோலில் பட்டால் தோலைச் சுருக்கி உலர்த்தும். நீர் வடியும் கரப்பான் என்ற தோல் நோய்க்கு, பால் சேர்க்காத ஆறிய தேநீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுப்பது அதனால்தான் பயன் தருகிறது. உங்கள் கை வடியவில்லை, காய்ந்து கிடக்கிறது. காய்ந்த கையைத் தேநீரில் ஊற வைத்தால் இன்னும் காயத்தான் செய்யும்.

எலுமிச்சையை இன்றே நிறுத்துங்கள். எலுமிச்சை, லிமாவ் கஸ்தூரி போன்ற பழங்களின் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், சாற்றில் உள்ள ஃபுரானோகூமரின் என்ற பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துச் சிவக்கும், சிலருக்குக் கொப்புளம் வரும். பிறகு சாறு வழிந்த தடத்திலேயே பழுப்புக் கோடுகள் விழும். அவை மறைய மாதக்கணக்கில் ஆகும். புறங்கையில் அப்படிக் கோடு விழுந்து, ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று மருந்தகத்தில் என் முன் கையை நீட்டியவர்கள் பலர். பழம் பிழிந்தது அவர்களுக்கு நினைவிலேயே இருக்காது.

தோல் இயல்பிலேயே இலேசான புளிப்புத் தன்மை உடையது. அதன் பிஎச் அளவு (7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) சுமார் 5. சவர்க்காரக் கட்டியின் அளவு 9 முதல் 10 வரை. ஒவ்வொரு முறை சவர்க்காரம் போட்டு, அதுவும் துணி துவைக்கும் தூளைப் போட்டுத் தேய்க்கும்போது, தோலின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் கொழுப்பு கரைந்து போகிறது. சுவரில் கல் இருக்கிறது, பூச்சு உதிர்ந்துவிட்டது. வெடிப்பு என்பது அதுதான். ஆகவே எந்த மூலிகை என்று தேடுவதற்கு முன், இருக்கும் எண்ணெயைப் பறிப்பதை நிறுத்த வேண்டும்.

வாழைப்பூ ஆய்வதற்கு முன் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? கையில் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். கறை எண்ணெயில் நின்றுவிடும், தோலுக்குள் இறங்காது. சமையலறையில் தெரிந்த இந்த அறிவைத் தோட்டத்திற்கும் கொண்டு போங்கள். மண்ணில் கை வைக்கும் முன் தேங்காய் எண்ணெயை இரண்டு கையிலும் தடவி, பருத்திக் கையுறை போட்டு, அதன் மேல் நைட்ரில் என்ற செயற்கை ரப்பர் கையுறை போடுங்கள். சாதாரண ரப்பர் கையுறை வேண்டாம். பால்மரத்தின் பாலில் உள்ள புரதம் சிலருக்கு அரிப்பு தரும். நைட்ரிலில் அந்தப் புரதம் இல்லை. கையுறை பிடிக்காத நாளில், ஈரச் சவர்க்காரக் கட்டியை நகத்தால் சுரண்டி, நகக் கண்ணில் அடைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். மண் உள்ளே போகாது, கழுவினால் சவர்க்காரத்தோடு வந்துவிடும்.

வேலை முடிந்ததும் முதலில் எண்ணெய் தடவித் துணியால் துடையுங்கள். கறுப்புக் கோட்டில் பாதி அதிலேயே வரும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில், நுரை குறைந்த மென்மையான கழுவியால் கழுவி, ஒற்றி எடுங்கள். தேய்த்துத் துடைக்க வேண்டாம். ஈரம் முழுவதும் காய்வதற்குள், இரண்டு மூன்று நிமிடத்திற்குள், மறுபடி தேங்காய் எண்ணெய். ஈரத்தை உள்ளே பூட்டுவதுதான் எண்ணெயின் வேலை. காய்ந்த கையில் தடவினால் பூட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆழமான வெடிப்புக்கு இரவில் பெட்ரோலியம் ஜெல்லி தடவிப் பருத்திக் கையுறை போட்டுப் படுங்கள். இரண்டு வாரம் விடாமல் செய்து பாருங்கள்.

மூலிகைகளுக்கு வருகிறேன். மஞ்சளையும் வேப்பிலையையும் நான் மதிக்கிறேன். ஆனால் அரைத்த விழுதாகப் போட்டுக் காய விட்டால், அது காயும்போது தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுக்கும். சிலருக்கு மஞ்சளே ஒவ்வாமையாகி அரிக்கும். கற்றாழை உங்களுக்கு ஒத்துவரலாம். மடலை வெட்டியதும் வெட்டு வாய் கீழே இருக்கும்படி கால் மணி நேரம் நிறுத்தி வையுங்கள். மஞ்சளாக வடியும் பால் எரிச்சல் தருவது. அது வடிந்த பிறகு தோலைச் சீவி, கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் கழுவி எடுங்கள். அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். எனவே அதைத் தடவிவிட்டு மேலே எண்ணெய் பூசாவிட்டால் பயனில்லை. எதையும் முதலில் முன்கையின் உட்புறம் இரண்டு மூன்று நாள் தடவிப் பார்த்துவிட்டுக் கைக்குக் கொண்டு வாருங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு கை மட்டும் செதிலாக உரிந்து, இரண்டு பாதமும் அதேபோல் உரிந்தால் அது பெரும்பாலும் வறட்சி இல்லை, பூஞ்சைத் தொற்று, எண்ணெயால் தீராது. கடையில் யாரோ கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பு அதை மறைத்து வளர்த்துவிடும். உங்களுக்கு நீரிழிவு இருந்தால் வெடித்த கையோடு ஈர மண்ணைத் தொடவே வேண்டாம். நம் மலேசிய மண்ணில் மெலியோய்டோசிஸ் நோயைத் தரும் கிருமி இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களைத்தான் அது அதிகம் தாக்குகிறது. வெடிப்பைச் சுற்றி வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், தோட்டத்தில் மண் வேலை செய்கிறேன் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி அந்தத் தேயிலை. உங்கள் ஊரில் இருந்துதான் கேமரன் மலைக்குச் சாலை ஏறுகிறது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இன்றும் அங்கே இருக்கிறது. குளிர்ந்த மலையில் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் கூடுகிறது. நீங்கள் இத்தனை காலம் குடித்தது தேயிலைத் தூள். தூள் சீக்கிரம் சாறு இறக்கும். பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொண்டு துவர்ப்பை அடக்கும். தே தாரேக் அதற்கென்றே அமைந்த பானம், அதை விட வேண்டியதில்லை. ஆனால் இலைத் தேயிலையைப் பத்து நிமிடம் கொதிக்க விட்டால் மணம் ஆவியாகிவிடும், பால் அடக்க முடியாத அளவுக்குக் கசப்பும் துவர்ப்பும் இறங்கிவிடும்.

200 மில்லி தண்ணீருக்கு இரண்டு கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி இலை போதும். ஃபிளாஸ்கில் கிடந்த தண்ணீர் வேண்டாம், புதிதாகக் கொதிக்க வையுங்கள். அடுப்பை அணைத்து, இலை மேல் ஊற்றி மூடுங்கள். மூன்று, நான்கு நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். இலை தண்ணீரிலேயே கிடக்கக் கூடாது. முதல் கோப்பையைப் பாலும் சீனியும் இல்லாமல் குடித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுச் செராயில் ஒரு தண்டை நசுக்கிப் போட்டாலும் அழகாக இருக்கும். பச்சைத் தேயிலை என்றால் கொதித்த தண்ணீரை ஐந்து நிமிடம் ஆற விட்டு ஊற்றுங்கள், இரண்டு நிமிடம் போதும். பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மசாலாத் தூள் அலமாரிக்கு எட்டத்தில் வையுங்கள். சீரக வாசனையைத் தேயிலை ஒரு வாரத்தில் வாங்கிக்கொள்ளும். சோற்றோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம், ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். துவர்ப்பு உணவின் இரும்புச்சத்தையும் பிடித்துக்கொள்ளும்.

வடிகட்டிய இலையை மல்லிகைச் செடியின் அடியில் போடுங்கள், கையில் வேண்டாம். மாலையில் தோட்டத்தில் இருந்து வந்ததும் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். இலை ஊறும் அந்த நான்கு நிமிடம்தான் ஈரக் கையில் எண்ணெய் தேய்ப்பதற்கான நேரம். விரல் விரலாக, நகக் கண் வரைக்கும் தேய்த்துவிட்டு, உள்ளங்கையை மட்டும் துணியில் ஒற்றிக்கொண்டு கோப்பையை எடுங்கள்.